அக்சஸ் ஃபார்மில் பழைய ரெக்கார்டைத் திருத்த முடியவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

"எழுத்தே விழ மாட்டேங்குது அண்ணே" என்று ஒரு போன் வரும். இரண்டு நாள் கழித்து இன்னொரு கடையிலிருந்து, "நேத்து நம்பரை மாத்துனேன், இன்னைக்குப் பார்த்தா பழைய நம்பரே இருக்கு" என்பார்கள். கேட்க இரண்டும் ஒரே தொல்லை மாதிரி இருக்கும், ஆனால் முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபைலிலோ குவெரியிலோ (டேபிளிலிருந்து வேண்டிய டேட்டாவை எடுத்துத் தருவது) இருக்கும், இரண்டாவதற்கு ஃபார்மில் இருக்கும். அதனால் அறிகுறிவாரியாகப் பிரித்து எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்குப் போய், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். செலவில்லாத காரணம் முதலில், வேலை வாங்கும் காரணம் கடைசியில். 2007-க்குப் பிறகு வந்த எல்லா மைக்ரோசாஃப்ட் அக்சஸுக்கும் இது பொருந்தும்.

## கை வைக்கும் முன் இரண்டு வேலை

ஒன்று, காப்பி. எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்கள். ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் அதே பெயரில் பூட்டுப் படத்தோடு லாக்டிபி (laccdb) என்று முடியும் குட்டி ஃபைல் இருக்கும், எல்லாரும் மூடியதும் அது தானாக மறையும். மறைந்த பிறகு மெயின் ஃபைலைத் தேதி போட்டு வேறு இடத்தில் காப்பி எடுங்கள். உள்ளே இருப்பது யாரோ ஒருவருடைய கணக்கு. திருத்த முடியாமல் இருப்பதைவிட, சரிசெய்கிறேன் என்று இறங்கி இருந்த கணக்கைத் தொலைப்பது பெரிய நஷ்டம்.

இரண்டாவது, டேபிள் சோதனை. எஃப் 11 அழுத்தினால் இடது பக்கம் டேபிள் பெயர்கள் வரும். வரவில்லையென்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபார்மை மூடிவிட்டு, அந்த ஃபார்முக்குரிய டேபிளை நேராகத் திறந்து, முகவரி மாதிரி ஆபத்தில்லாத ஒரு கட்டத்தில் கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள். வரிசையின் இடது ஓரத்தில் பென்சில் படம் வந்தால் டேபிள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்தி வைத்த புள்ளியை ரத்து செய்துவிடுங்கள்.

டேபிளில் எழுத்து விழுகிறது, ஃபார்மில் விழவில்லை என்றால் குற்றம் ஃபார்மில் அல்லது அதற்குப் பின்னால் இருக்கும் குவெரியில். டேபிளிலேயே விழவில்லை என்றால் ஃபைல், ஃபோல்டர், லிங்க் இந்த மூன்றில் ஒன்று. பத்தில் எட்டுத் தடவை இந்த ஒரு நிமிடச் சோதனையிலேயே பாதி தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நேராக டிசைனுக்குள் போய்க் கை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

## எந்தக் கட்டத்திலும் எழுத்து விழவில்லை, டேபிளிலும் இல்லை

மேலே மஞ்சள் பட்டையில் ரீட் ஒன்லி என்று ஏதாவது தெரிகிறதா? ஃபைலை வாட்ஸாப்பிலிருந்தோ மெயிலிலிருந்தோ ஜிப்புக்குள்ளிருந்தோ நேராகத் திறந்தால் இப்படி ஆகும். ஒரு சாதாரண ஃபோல்டருக்கு எடுத்துப் போட்டுத் திறங்கள், போதும்.

அடுத்து ஃபைல் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். ரீட் ஒன்லி டிக் இருந்தால் எடுங்கள். சிடியிலிருந்து காப்பி செய்த பழைய ஃபைல்களில் இது அடிக்கடி இருக்கும். அதே இடத்தில் கீழே அன்பிளாக் என்று ஒரு கட்டம் தெரிந்தால் அதை டிக் செய்யுங்கள். நெட்டிலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் குறித்து வைத்திருப்பதால் வருவது அது. அதை விட்டுவிட்டால் மேக்ரோவும் கோடும் ஓடாது, "எடிட்" பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

ஃபோல்டர் உரிமை அதற்கடுத்தது. ஃபைலுக்கு மட்டும் எழுதும் உரிமை இருந்தால் போதாது, அது இருக்கும் ஃபோல்டரில் புது ஃபைல் உண்டாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும், ஏனென்றால் அந்த லாக்டிபி ஃபைலை அக்சஸ் அங்கேதான் உண்டாக்குகிறது. சர்வர் சிஸ்டத்தில் வேலை செய்கிறது, கவுன்டர் சிஸ்டத்தில் மட்டும் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சந்தேகப்படலாம். ஃபைலை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருந்தாலும் இதே கதைதான், வெளியே எடுத்து வையுங்கள்.

டேபிள் பெயருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது லிங்க் செய்த டேபிள், அதாவது டேட்டா வேறு ஃபைலிலோ சர்வரிலோ இருக்கிறது. எக்செல் லிங்க் என்றால் தேட வேண்டாம், திருத்தவே முடியாது. 2005-இல் ஒரு காப்புரிமை வழக்கில் தோற்ற பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே எடுத்துவிட்டது. எக்செலில் திருத்துங்கள், இல்லையென்றால் டேபிளாக இம்போர்ட் செய்யுங்கள். டெக்ஸ்ட் ஃபைல் லிங்க்கிலும் பழைய வரியைத் திருத்த முடியாது. எஸ்க்யூஎல் சர்வர் லிங்க் என்றால் பெரும்பாலும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) இல்லாததுதான் காரணம். சர்வரில் கீ வைத்துவிட்டு, அக்சஸில் அந்த லிங்க்கை அழித்துப் புதிதாக லிங்க் செய்ய வேண்டும். லிங்க்கை அழித்தால் டேட்டா அழியாது, ஆனால் நீங்கள் அழிப்பது லிங்க்தானா என்று அம்புக்குறியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: சர்வர் ஃபோல்டர் உரிமை உங்கள் கையில் இல்லை, அல்லது எஸ்க்யூஎல் சர்வர் டேபிளில் கீ வைக்க வேண்டும். இரண்டையும் அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் விடுங்கள்.

## டேபிளில் விழுகிறது, ஃபார்மில் மட்டும் விழவில்லை

ஃபார்மை டிசைன் வியூவில் திறந்து எஃப் 4 அழுத்துங்கள். பிராப்பர்ட்டி ஷீட் வரும். மேலே "ஃபார்ம்" என்று தேர்ந்திருக்க வேண்டும், ஏதோ ஒரு கட்டத்தின் பெயர் இருந்தால் நீங்கள் பார்ப்பது அந்தக் கட்டத்தின் பிராப்பர்ட்டி. டேட்டா என்ற பக்கத்தில் அலவ் எடிட்ஸ் என்பது நோ என்று இருந்தால் யெஸ் ஆக்குங்கள். சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் இருக்கும் இன்னொரு ஃபார்ம்) இருந்தால் அதற்குத் தனி ஷீட் உண்டு, அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சங்கதி. யாரும் தெரியாமல் மாற்றிவிடக் கூடாது என்றுதான் பலர் அலவ் எடிட்ஸை நோ என்று வைக்கிறார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி வைத்தால் டேபிளோடு சம்பந்தமே இல்லாத தேடும் கட்டமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அப்புறம் தேட முடியவில்லை என்று யாராவது யெஸ் ஆக்கிவிட, பாதுகாப்பும் போய்விடும். பூட்ட வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் லாக்டு என்ற பிராப்பர்ட்டியை யெஸ் ஆக்குவதுதான் சரி.

அலவ் எடிட்ஸ் சரியாக இருந்தால் அதே பக்கத்தில் ரெக்கார்ட்செட் டைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் என்று இருந்தால் பார்க்கலாம், திருத்த முடியாது. டைனாசெட் ஆக்குங்கள். அந்தப் பட்டியலில் டைனாசெட்டோடு இன்கன்சிஸ்டன்ட் அப்டேட்ஸ் என்று சேர்த்து ஒன்று இருக்கும். அதைப் போட்டால் சில ஃபார்ம்கள் உடனே திருத்த விடும் என்பது உண்மை, ஆனால் இரண்டு டேபிளுக்கு நடுவே இருக்கும் தொடர்பை அறுத்துக்கொள்ளவும் அதே அனுமதி கொடுத்துவிடும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

இதுவும் சரியாக இருக்கிறது, டைப் அடித்தால் கீழே இடது மூலையில் "திஸ் ரெக்கார்ட்செட் இஸ் நாட் அப்டேட்டபிள்" என்று சின்னதாக ஒரு வரி வருகிறது. பலர் கவனிப்பதே இல்லை, கீழே பாருங்கள். வந்தால் குற்றம் குவெரியில்.

அதே டேட்டா பக்கத்தில் ரெக்கார்ட் சோர்ஸ் என்ற இடத்தில் இருக்கும் குவெரியைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அடியில் நட்சத்திரக் குறியோடு வரும் காலி வரிசை இல்லையென்றால், புது ரெக்கார்டு பட்டனும் மங்கியிருந்தால், பெரும்பாலும் அந்தக் குவெரியை எந்த ஃபார்மில் வைத்தாலும் திருத்த முடியாது. ஏன் என்று கீழ்க்கண்டவற்றில் தேடுங்கள்.

- டோட்டல்ஸ் பட்டன் அழுத்தி குரூப் பை போட்டிருக்கிறார்கள். ஒரு வரி பல ரெக்கார்டின் கூட்டுத்தொகை, எதைத் திருத்துவது என்று அக்சஸுக்குத் தெரியாது.
- யூனிக் வேல்யூஸ் யெஸ் என்று இருக்கிறது. நோ ஆக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.
- யூனியன் குவெரி, கிராஸ்டேப் குவெரி. இவை பார்க்க மட்டும்தான்.
- இரண்டு டேபிளைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் சேர்க்கும் ஃபீல்டில் எந்தப் பக்கமும் பிரைமரி கீயோ டூப்ளிகேட் அனுமதிக்காத இண்டெக்ஸோ இல்லை.
- மூன்று டேபிள். நடுவில் வாடிக்கையாளர், ஒரு பக்கம் பில்கள், மறுபக்கம் வசூல்.

நான் அதிகம் பார்ப்பது முதலாவதும் கடைசியும். பாக்கித் தொகையை ஃபார்மிலேயே காட்ட ஆசைப்பட்டு, வசூல் டேபிளைக் குவெரியில் இழுத்துப் போட்டுக் கூட்டுத்தொகை எடுத்திருப்பார்கள். அன்றையிலிருந்து வாடிக்கையாளரின் போன் நம்பரைக்கூட மாற்ற முடியாது. ஃபார்முக்கு வாடிக்கையாளர் டேபிள் மட்டும் இருக்கட்டும். பாக்கியை டிசம் (DSum) என்ற ஃபங்ஷன் வைத்து ஒரு தனிக் கட்டத்தில் காட்டலாம், வசூல் விவரத்தை சப்ஃபார்மில் வைக்கலாம்.

குவெரியில் ஆறேழு டேபிள் இருந்து, அதை வைத்தே ரிப்போர்ட்டுகளும் ஓடினால் தனியாகக் கை வைக்க வேண்டாம், எழுதியவரைக் கூப்பிடுங்கள். ஃபைல் ஏசிசிடிஇ (accde) என்று முடிந்தால் ஃபார்மின் டிசைன் வியூவே திறக்காது, எழுதியவரிடம் இருக்கும் மூல ஃபைல் இல்லாமல் ஃபார்மில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. (இந்த மாதிரி வேலை கொடுக்கும்போதே மூல ஃபைலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.)

## சில கட்டங்கள் மட்டும் மாறவில்லை

கட்டம் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் எனேபிள்டு நோ. பளிச்சென்று இருந்தும் எழுத்து விழவில்லையென்றால் லாக்டு யெஸ். கன்ட்ரோல் சோர்ஸ் (கட்டம் எந்த ஃபீல்டைக் காட்டுகிறது என்று சொல்லும் பிராப்பர்ட்டி) சமக்குறியில் ஆரம்பித்தால் அது கணக்குப் போட்டுக் காட்டும் கட்டம், மூலக் கட்டத்தைத்தான் திருத்த வேண்டும். ஆட்டோநம்பர் மாறவே மாறாது. இவ்வளவுதான், இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## ஃபார்ம் காலியாகத் திறக்கிறது, பழைய ரெக்கார்டே காணோம்

பதற வேண்டாம், டேபிளைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். பிராப்பர்ட்டி ஷீட்டில் டேட்டா என்ட்ரி யெஸ் என்று இருந்தால் ஃபார்ம் புது ரெக்கார்டுக்கு மட்டும் திறக்கும், நோ ஆக்குங்கள். பெயரைப் பார்த்து "டேட்டா என்ட்ரி பண்ணத்தானே ஃபார்ம்" என்று நினைத்து யெஸ் போட்டவர்கள் நிறையப் பேர். நோ என்றே இருந்தால், அடியில் ஃபில்டர்டு என்று எழுதியிருக்கிறதா பார்த்து அதைக் கிளிக் செய்து விலக்குங்கள். அதுவும் இல்லையென்றால் மெனு ஃபார்மில் இருக்கும் பட்டன் ஃபார்மை ஆட் மோடில், அதாவது புது ரெக்கார்டுக்கு மட்டும், திறக்கிறது. இடது பக்கப் பட்டியலிலிருந்து நேராகத் திறந்தால் ரெக்கார்டுகள் தெரியும், அதுதான் அடையாளம்.

## தேடினோம், வேறு யாருடைய ரெக்கார்டோ மாறிவிட்டது

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட மோசமான பிழை என்று சொல்வேன், ஏனென்றால் எந்த எர்ரரும் வராது.

தவணைக்கு ஃபர்னிச்சர் கொடுக்கும் ஒரு கடை. ஃபார்மின் தலையில் வாடிக்கையாளர் பெயர் ஒரு காம்போ பாக்ஸாக (கிளிக் செய்தால் பட்டியல் விரியும் கட்டம்) இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் காலையில் ஃபார்மைத் திறந்ததும், அதில் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தேடிப் பார்ப்பார். கீழே முகவரி மாறாது. "தேடல் வேலை செய்யல" என்று மூடிவிட்டு லெட்ஜரைப் புரட்டுவார். நடந்தது என்னவென்றால், ஃபார்ம் திறந்ததும் நிற்பது 1-ஆம் நம்பர் கணக்கில். அவர் தேடவில்லை, 1-ஆம் நம்பர்காரரின் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். மூடியதும் அது சேவ் ஆகிவிடும், அக்சஸ் கேட்காது. ஒரு நாள் அந்தப் பெரியவரே தவணை கட்ட வந்தார். மஞ்சள் பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டையில் 1 என்று எழுதியிருக்கிறது, ஸ்கிரீனில் வேறு பெயர். நல்லவேளையாக போன் நம்பர் மாறாமல் இருந்ததால் கணக்கு அவருடையதுதான் என்று தெரிந்தது.

சோதிப்பது சுலபம். காம்போவில் ஒரு பெயரைத் தேர்ந்ததும் இடது ஓரத்தில் பென்சில் வந்தால் அது தேடும் கட்டம் இல்லை, திருத்தும் கட்டம். உடனே எஸ்கேப் இரண்டு முறை. சேவ் ஆகிவிட்டிருந்தாலும், ஃபார்மை மூடாமல், வேறு விண்டோவுக்குப் போகாமல், வேறு ரெக்கார்டைத் திருத்த ஆரம்பிக்காத வரைக்கும் கன்ட்ரோல் இசட் அந்த ஒரு ரெக்கார்டைத் திருப்பித் தரும்.

சரிசெய்ய, தேடுவதற்கென்று கன்ட்ரோல் சோர்ஸ் காலியாக இருக்கும் தனி காம்போ ஒன்று வேண்டும். டிசைன் வியூவில் புது காம்போ வைத்தால் விசார்டு கேட்கும் மூன்றில், தேர்ந்த மதிப்பை வைத்து ஃபார்மில் ரெக்கார்டைத் தேடு என்ற கடைசி விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய பெயர்க் கட்டத்தை லாக்டு செய்துவிடுங்கள். தேடும் கட்டத்துக்கு வேறு நிறம் கொடுப்பது என் வழக்கம், கவுன்டரில் இருப்பவருக்குக் கண் பழகிவிடும்.

எத்தனை ரெக்கார்டு இப்படி மாறியது என்று சொல்ல முடியவில்லையா? அங்கேயே நிறுத்திவிட்டு, பழைய பேக்கப்பை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## திருத்தினது நிற்கவில்லை, மூடித் திறந்தால் பழையது

முதலில், நீங்கள் திறப்பது அதே ஃபைல்தானா? டெஸ்க்டாப்பில் ஒன்று, சர்வரில் ஒன்று என்று இரண்டு இருந்து, ஷார்ட்கட் ஒன்றுக்கும் கை இன்னொன்றுக்கும் போவது மிகச் சாதாரணம். லிங்க் டேபிளாக இருந்தால் பெயர் மேல் மவுஸை வைத்து நிறுத்துங்கள், எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று காட்டும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைத்து இரண்டு பேர் திறப்பது கூடவே கூடாது, ஒருவர் எழுதியதை இன்னொருவரின் காப்பி மூடிவிடும்.

அடுத்து, டிசைன் வியூவில் அந்தக் கட்டத்துக்குள் அன்பவுண்டு என்று எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் அடித்தது எந்த ஃபீல்டிலும் சேரவில்லை. வரிசை வரிசையாக வரும் ஃபார்மில் ஒரு வரியில் அடித்தால் எல்லா வரியிலும் அதுவே தெரியும், அதுதான் இதற்கு அடையாளம். கன்ட்ரோல் சோர்ஸில் சரியான ஃபீல்டைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கம். ஃபார்மில் "மூடு" பட்டன் வைத்து அதன் கோடில் டூசிஎம்டி.குளோஸ் (DoCmd.Close) என்று எழுதியிருப்பார்கள். கட்டாயமாக நிரப்ப வேண்டிய ஒரு ஃபீல்டு காலியாக இருந்து ரெக்கார்டு சேவ் ஆக முடியாத நிலையில் அந்தப் பட்டனை அழுத்தினால், அக்சஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் திருத்தத்தை விட்டுவிட்டு மூடிவிடும். அந்த வரிக்கு மேலே, மீ.டர்ட்டி ட்ரூவாக இருந்தால் அதை ஃபால்ஸ் ஆக்கு என்று ஒரு வரி (If Me.Dirty Then Me.Dirty = False) சேர்த்தால் சேவ் செய்யப் பார்த்து, முடியாவிட்டால் எர்ரரைக் காட்டும். அதுவரைக்கும் திருத்தி முடித்ததும் ஷிஃப்ட் என்டர் அழுத்தப் பழகுங்கள், பென்சில் மறைந்தால் சேவ் ஆகிவிட்டது.

இரண்டு ஃபைலிலும் பல நாள் மாறி மாறி என்ட்ரி போட்டிருந்தால் கையால் சேர்க்க வேண்டாம். அது தொழில் தெரிந்தவர் வேலை.

## சேவ் செய்யும்போது எர்ரர் வருகிறது

ரைட் கான்ஃப்ளிக்ட் என்று மூன்று பட்டனோடு ஒரு பெட்டி வந்தால், நீங்கள் திருத்திக்கொண்டிருந்தபோதே அந்த ரெக்கார்டை வேறு ஒருவர் மாற்றிவிட்டார். சேவ் ரெக்கார்டு அழுத்தினால் அவர் செய்தது போய்விடும். டிராப் சேஞ்சஸ் கொடுத்து, அவர் என்ன மாற்றினார் என்று பார்த்துவிட்டு உங்கள் திருத்தத்தை மறுபடி போடுங்கள். ஆபீஸில் நீங்கள் ஒருவர்தான் என்றால், ஒரே ரெக்கார்டு இரண்டு ஃபார்மில் திறந்திருக்கிறது. முதல் ஃபார்மில் சேவ் செய்துவிட்டு இரண்டாவதைத் திறக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் டேபிளில் யாருமே தொடாமல் இது வந்தால், பெரும்பாலும் பிட் (யெஸ்/நோ) ஃபீல்டில் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) இருக்கும். அந்த நல் எல்லாவற்றையும் 0 ஆக்கி, டீஃபால்ட்டும் 0 வைத்து, ஒரு ரோவெர்ஷன் (rowversion) ஃபீல்டும் சேர்த்துவிட்டால் நிற்கும்.

வேறொருவர் பூட்டியிருக்கிறார் என்று வந்தால், ஃபார்மில் ரெக்கார்டு லாக்ஸ் ஆல் ரெக்கார்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள், நோ லாக்ஸ் ஆக்குங்கள். எல்லாரும் மூடிய பிறகும் லாக்டிபி ஃபைல் போகாமல் நின்றால் அதை அழிக்கலாம், ஆனால் ஒருவரும் உள்ளே இல்லை என்று ஒவ்வொரு சிஸ்டமாக நடந்து போய்ப் பார்த்த பிறகு மட்டும்.

3022 என்றால் அதே நம்பர் ஏற்கெனவே வேறு ரெக்கார்டில் இருக்கிறது. 3201 என்றால் நீங்கள் போட்ட வாடிக்கையாளர் நம்பர் வாடிக்கையாளர் டேபிளில் இல்லை. இரண்டிலும் அக்சஸ் சரியாகத்தான் தடுக்கிறது. என்ட்ரி ஏறவில்லையே என்று இண்டெக்ஸையும் ரிலேஷன்ஷிப்பையும் எடுத்துவிடாதீர்கள்.

## திருத்தினதும் தமிழ் எழுத்து கோணலாகத் தெரிகிறது

பழைய ரெக்கார்டுகள் பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்தவை, நீங்கள் இப்போது அடிப்பது யூனிகோட். பாமினியில் அடித்ததை வேறு எழுத்துருவில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்துதான் தெரியும், ஃபைல் கெட்டுவிடவில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஃபீல்டில் கலந்துவிட்டால் தேடினாலும் பாதிதான் கிடைக்கும், அகரவரிசையும் குழம்பும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போகாமல், முழு டேபிளையும் ஒரே நாளில் யூனிகோடுக்கு மாற்ற ஆள் வையுங்கள். மாறும் வரைக்கும் பழைய எழுத்துருவிலேயே அடியுங்கள்.

## கட்டத்தில் டெலிட்டட் என்று வருகிறது, குறிப்பிட்ட ஒரு ரெக்கார்டைத் தொட்டால் அக்சஸ் மூடிக்கொள்கிறது

ஃபைல் கெட ஆரம்பித்திருக்கலாம். என்ட்ரியை உடனே நிறுத்துங்கள். காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும் காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுங்கள். ஓட்டியதும் ரெக்கார்டு எண்ணிக்கை முன்பு இருந்ததுதானா என்று பார்க்க வேண்டும், கெட்ட ரெக்கார்டை ரிப்பேர் சில நேரம் தூக்கி எறிந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால் ஃபைல் அளவையும் பாருங்கள், 2 ஜிபிதான் உச்சவரம்பு, அதை நெருங்கினாலே தொல்லை வரும். சர்வரோடு வைஃபையில் பேசும் சிஸ்டம் இருந்தால் கேபிள் போடுங்கள், நடுவில் ஒரு நொடி விட்டுப்போனாலும் எழுதிக்கொண்டிருந்த ரெக்கார்டு கெடலாம். எல்லாரும் ஒரே ஃபைலைத் திறக்கிறார்கள் என்றால் டேபிள்களைத் தனி ஃபைலாகப் பிரித்து, ஃபார்ம் இருக்கும் ஃபைலை ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனித்தனியாக வையுங்கள்.

ரிப்பேர் ஓடவே மறுத்தாலும், எண்ணிக்கை குறைந்தாலும், ஒரு வாரத்துக்குள் மறுபடி இதே வந்தாலும் அதற்கு மேல் முயற்சி வேண்டாம். கெட்ட ஃபைலை அப்படியே, ரிப்பேர் ஓட்டாத காப்பியாக, மீட்டுக் கொடுப்பவரிடம் கொடுங்கள். கடைசி நல்ல பேக்கப் எந்தத் தேதி, அதற்குப் பிறகு போட்ட பில்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.